டிமாஸ் அடைவில் என் தளம் ஏன் சேரவில்லை: ஒரு பழைய தொகுப்பாளரின் பதில்

கேள்வியைச் சுருக்கமாக முதலில் எடுத்து எழுதிவிடுகிறேன். "திண்டுக்கல்லில் உள்ள எங்கள் பூட்டுக் கடையின் இணையத் தளத்தை டிமாஸ் அடைவில் சேர்க்கச் சொல்லி 2000களில் ஆறேழு முறை விண்ணப்பித்தோம். ஏற்றதாகவோ மறுத்ததாகவோ ஒரு வரிப் பதிலும் வரவில்லை. பணம் கொடுத்தவர்களைத்தான் சேர்த்தார்கள் என்றும், போட்டிக் கடைக்காரர்களே தொகுப்பாளர்களாக உட்கார்ந்து மற்றவர்களைத் தடுத்தார்கள் என்றும் அப்போது பேச்சு இருந்தது. இது உண்மையா? அதன் வழிவந்த கர்லியிலும் இதே கதைதானா?"

டிமாஸ் என்பது தன்னார்வலர்கள் இணையத் தளங்களைப் பார்த்து, துறைவாரியாகப் பிரித்துத் தொகுத்த ஒரு பட்டியல்; அப்படித் தொகுத்தவர்களே தொகுப்பாளர்கள். அந்த அடைவின் தமிழ்ப் பிரிவில் ஒரு சிறிய உட்பிரிவைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் உள்ள ஒரு சொல்லிலிருந்துதான் மற்ற எல்லாக் குழப்பங்களும் கிளைத்திருக்கின்றன: "விண்ணப்பித்தோம்". வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு தருவார்கள், மனு ஒரு வரிசையில் நிற்கும், முறை வரும்போது அதிகாரி பார்த்து ஆம் அல்லது இல்லை என்று எழுதுவார், தாமதமானால் மேலதிகாரியிடம் முறையிடலாம். டிமாஸின் படிவத்தை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இந்தச் சித்திரம்தான் இருந்தது. ஆனால் அங்கே ஒப்புகை, வரிசை, முறை, முடிவு தெரிவிக்கும் கடமை ஆகிய எதுவுமே வடிவமைப்பிலேயே கிடையாது. நீங்கள் செய்தது, ஊர் நூலகரிடம் போய் "இப்படி ஒரு புத்தகம் வந்திருக்கிறது, முடிந்தால் வாங்கி வையுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது போன்ற காரியம். நூலகர் அந்தச் சீட்டுக்குக் கடமைப்பட்டவர் அல்லர். அலமாரிக்கு முன் வந்து நிற்கும் வாசகருக்குக் கடமைப்பட்டவர். டிமாஸ் தொகுப்பாளர் தளத்தின் உரிமையாளருக்காக உழைக்கவில்லை, அந்தப் பிரிவைத் திறந்து படிக்கும் யாரோ ஒருவருக்காக உழைத்தார் என்பதை ஏற்றுக்கொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கும்.

இந்த அடைவுக்கு அவ்வளவு மதிப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் மனத்தாங்கல்கள் அந்த மதிப்பிலிருந்துதான் பிறந்தன. 1998 ஜூன் மாதத்தில் ரிச் ஸ்க்ரென்டாவும் பாப் ட்ரூயலும் இன்னும் சில பொறியாளர்களும் சேர்ந்து க்னூஹூ என்ற பெயரில் இதைத் தொடங்கினார்கள். க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தவர் பெயருக்கு மறுப்புத் தெரிவிக்கவே அது நியூஹூ ஆயிற்று, "ஹூ" என்ற ஒலிக்கு யாஹூ மறுப்புத் தெரிவித்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனம் இதை வாங்கி ஓப்பன் டைரக்டரி ப்ராஜெக்ட் என்று பெயரிட்டது. நெட்ஸ்கேப் தொடங்கிய மொஸில்லா என்ற திட்டத்தின் முகவரிக்குக் கீழ் டைரக்டரி என்ற துணைமுகவரியில் இருந்ததால் டிமாஸ் என்ற செல்லப் பெயர் நிலைத்துவிட்டது. நெட்ஸ்கேப்பை ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் வாங்கியபோது அடைவும் அதனுடன் கைமாறியது.

யாஹூ அடைவில் சம்பளம் வாங்கும் பணியாளர்கள் தளங்களைத் தொகுத்தார்கள். இங்கே தன்னார்வலர்கள் தொகுத்தார்கள். அதைவிட முக்கியமான வேறுபாடு, தொகுத்த தரவு முழுவதையும் யார் வேண்டுமானாலும், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமம். முழு அடைவும் பெரிய கோப்புகளாக அவ்வப்போது வெளியிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் கூகுள் அதை எடுத்து, பக்கங்களின் முக்கியத்துவத்தை அளக்கும் தன் பேஜ்ரேங்க் வரிசையில் அடுக்கி, கூகுள் டைரக்டரி என்று வெளியிட்டது. 2011 வரை அது இருந்தது. ஏஓஎல், லைகோஸ் போன்ற பெரிய தளங்களும், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான சிறு தளங்களும் அதே தரவை எடுத்துப் போட்டுக்கொண்டன. ஆக, டிமாஸில் ஓர் இடம் கிடைத்தால் அந்த ஒரு இணைப்பு பல இடங்களில் நகலாகும். தேடல் தரவரிசைக்காக அலைந்தவர்கள் டிமாஸ் வாசலில் முட்டி மோதியதன் காரணம் இதுவே. கூகுள் வரிசையில் யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்ற அதிகாரம் தொகுப்பாளர்கள் கையில் இருந்ததாகச் சிலர் இன்றும் நம்புகிறார்கள். அப்படி எந்தப் பொத்தானும் எங்கள் திரையில் இருந்ததில்லை.

திரையில் இருந்தது என்ன என்பதைச் சொல்கிறேன். ஒரு பிரிவைத் திறந்தால் ஏற்கெனவே வெளியான தளங்கள் ஒரு பக்கமும், வெளியிலிருந்து வந்த பரிந்துரைகள் "பார்க்கப்படாதவை" என்ற தலைப்பில் மறுபக்கமும் இருக்கும். ஒவ்வொரு பரிந்துரையிலும் முகவரி, தலைப்பு, விளக்கம் ஆகியவற்றுடன், தொகுப்பாளர்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புக்கான பெட்டியும் உண்டு. தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு வெளியிடலாம், நீக்கலாம், பொருத்தமான வேறு பிரிவுக்கு மாற்றலாம், தொடாமல் விட்டுவிடவும் செய்யலாம். தொடாமல் விடுவது குற்றமே ஆகாது. ஒரு தொகுப்பாளர் அந்தப் பட்டியலை எட்டியே பார்க்காமல், தாமே தேடிக் கண்டுபிடித்த தளங்களை மட்டும் ஆண்டுக்கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தாலும் அவர் நல்ல தொகுப்பாளர்தான். நான் சேர்த்தவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் வந்தது: ஒரு சிற்றிதழின் தளத்திலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து ஒரு நூலகத்தின் பக்கத்துக்கு என்று இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டெடுத்தவை. அவற்றின் உரிமையாளர்கள் படிவத்தை ஒருமுறைகூட நிரப்பியதில்லை.

நீங்கள் ஆறேழு முறை அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவே உங்களுக்கு எதிராக வேலை செய்திருக்கும். ஒரே பிரிவுக்கு ஒரே முகவரி மறுபடி வந்தால் பழைய பரிந்துரையின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும், அதனுடன் தேதியும் புதியதாகிவிடும். பழையதிலிருந்து தொடங்கி வேலை செய்யும் தொகுப்பாளருக்கு உங்கள் தளம் ஒவ்வொரு முறையும் கடைசிக்குப் போய்விடும். ஒரே தளத்தைப் பல பிரிவுகளுக்கு அனுப்பினால் விளைவு இன்னும் மோசம். ஒவ்வொரு முகவரியின் முந்தைய வரலாறும் எல்லாத் தொகுப்பாளர்களுக்கும் தெரியும் என்பதால், நான்கு பிரிவுகளில் ஒரே பூட்டுக் கடை வந்து நிற்பதைப் பார்ப்பவர் அதை எரிதம் (ஸ்பேம்) அனுப்புபவரின் வேலை என்றே எடுத்துக்கொள்வார்.

உங்கள் தளத்தைப் பொறுத்தவரை பிரிவுத் தேர்வில்தான் சிக்கல் நேர்ந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பூட்டு விற்கும் கடை என்பதால் "ஷாப்பிங்" பிரிவுக்கு அனுப்பியிருப்பீர்கள். ஆனால் அந்தப் பிரிவு இணையத்திலேயே பொருளைத் தேர்ந்து, வாங்கி, வீட்டுக்கு வரவழைக்க வழி செய்யும் தளங்களுக்கு மட்டும் உரியது. கடைக்கு நேரில் வந்து வாங்க வேண்டிய வணிகம் என்றால் அதன் இடம் "ரீஜனல்" பிரிவில், ஆசியா, இந்தியா, தமிழ்நாடு என்று கீழிறங்கி வரும் ஊர்ப் பிரிவு. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் உள்ள தளமாக இருந்தால்தான் அந்த இடம். தளம் தமிழில் இருந்தால் அது "வேர்ல்ட்" என்ற பிரிவின் கீழ் உள்ள தமிழ் என்ற கிளைக்குப் போக வேண்டும். தளம் எந்த ஊரைப் பற்றியது என்பதைவிட எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதே முதல் கேள்வியாக இருந்தது. பலருக்கு இது புரியவேயில்லை. தமிழ்த் தளத்தை ஒதுக்கிவைத்தார்கள் என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. தவறான பிரிவுக்கு வந்த பரிந்துரையை நல்ல தொகுப்பாளர் சரியான பிரிவுக்கு மாற்றிவிடுவார், ஆனால் அங்கேயும் அது "பார்க்கப்படாதவை" பட்டியலில்தான் போய் உட்காரும். வேறொருவர் வந்து பார்க்கும் வரை மறுபடியும் காத்திருப்பு.

விளக்க வரி பற்றியும் சொல்ல வேண்டும். கடை உரிமையாளர்கள் எழுதி அனுப்பும் விளக்கம் பொதுவாக இந்த அச்சில் இருக்கும்: "திண்டுக்கல்லின் நம்பர் 1 பூட்டுக் கடை!!! பல தலைமுறைப் பாரம்பரியம், மிகக் குறைந்த விலை, உடனே அழையுங்கள்!" இதைத் தொகுப்பாளர் எடுத்து, தலைப்பில் கடையின் பெயரை மட்டும் நிறுத்தி, விளக்கத்தை "கதவு, அலமாரி, இரும்புப் பெட்டி ஆகியவற்றுக்கான பூட்டு வகைகளின் பட்டியல், படங்கள், கடையின் முகவரி" என்று மாற்றுவார். தளத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும், புகழக் கூடாது, நாங்கள், நீங்கள் என்று பேசக் கூடாது என்பது விதி. இது இரண்டு நிமிட வேலைதான். ஆனால் ஒரு மாலையில் முப்பது பரிந்துரைகளுக்கு அதைச் செய்ய நேரும்போது, ஏற்கெனவே அடக்கமாக எழுதி வந்த ஒன்றை முதலில் எடுத்து முடித்துவிட்டு ஆரவாரமானதை நாளைக்கு ஒத்திவைக்கத் தோன்றுவது இயல்பு. தளங்கள் அகர வரிசையில் தோன்றும் என்பதற்காகக் கடைப் பெயருக்கு முன்னால் "ஏ1" என்று ஒட்டி அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். தளத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் அதையும் வெட்டிவிடுவோம்.

நீக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை, சொந்தச் சரக்கு இல்லாதவை. வேறொரு நிறுவனத்தின் பொருளை இணைப்பு மூலம் விற்றுத் தரகு வாங்குவதற்காகவே எழுப்பிய பக்கங்கள், ஒரே கடையின் தளத்தை ஐந்து முகவரிகளில் நகலெடுத்தவை, "விரைவில் வருகிறது" என்ற பலகை மட்டும் தொங்குபவை. இவற்றுக்கு நடுவே நல்ல தளங்களும் அடிபட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், என் கையாலேயே ஒன்று அடிபட்டது. தமிழ்த் தளங்கள் பலவும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாறாமல் டிஸ்கி, டாப், டாம் என்ற பழைய எழுத்துக் குறிமுறைகளிலும் சொந்த எழுத்துருக்களிலும் எழுதப்பட்டிருந்த காலம் அது. எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் திரை முழுவதும் உச்சரிக்க முடியாத லத்தீன் எழுத்துக் குப்பையாகத் தோன்றும். அப்படித் தோன்றிய ஒரு தளத்தைக் கெட்டுப்போன பக்கம் என்று நினைத்து நீக்கிவிட்டேன். சில வாரங்கள் கழித்து வேறொரு தொகுப்பாளர் குறிப்புப் பெட்டியில் "எழுத்துரு கீழே வலது மூலையில் இருக்கிறது" என்று ஒரே வரி எழுதி, அதை மீட்டுப் போட்டிருந்தார். அது ஓர் அருமையான நாட்டார் பாடல் தொகுப்பு. அதை அமைத்தவருக்கு இடையில் நடந்த இந்த நாடகம் எதுவுமே தெரிந்திருக்காது.

பணம் பற்றிய கேள்விக்கு நேரான பதில்: டிமாஸ் தளத்தைச் சேர்க்கவோ பரிசீலிக்கவோ ஒருபோதும் கட்டணம் வாங்கவில்லை. யாஹூ அடைவு வாங்கியது. வணிகத் தளங்களைப் பரிசீலிக்க மட்டும் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 299 டாலர், அதிலும் சேர்ப்போம் என்ற உறுதி கிடையாது. இரண்டு அடைவுகளும் ஒரே மூச்சில் பேசப்பட்டதால் ஒன்றின் வழக்கம் மற்றொன்றின் தலையில் விழுந்தது. தொகுப்பாளர் எவரேனும் கையூட்டு வாங்கினாரா என்பது வேறு விஷயம். வாங்கியவர்கள் இருந்தார்கள், கண்டுபிடிக்கப்பட்டு வெளியேற்றவும் பட்டார்கள். ஒவ்வொரு திருத்தமும் செய்தவர் பெயருடன் பதிவாகும் என்பதாலும், முறைகேட்டைப் பற்றி யாரும் புகார் தரலாம் என்பதாலும் பெரிய அளவில் நெடுநாள் ஏமாற்றுவது எளிதாக இருக்கவில்லை. ஆனால் புகாரின் முடிவை வெளியாருக்குத் தெரிவிக்கும் வழக்கம் இல்லை. இது பெரிய பிழை என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கதவை மூடிக்கொண்டு நியாயம் செய்தால், உள்ளே நடந்தது நியாயம்தான் என்று வெளியே நிற்பவன் நம்ப எந்தக் காரணமும் இல்லை.

போட்டிக் கடைக்காரர் தொகுப்பாளராக உட்கார்ந்து தடுத்தாரா? தொகுப்பாளர்கள் தாம் தொடர்புடைய தளங்களைச் சேர்க்கத் தடை இருக்கவில்லை. தொகுப்பாளராகச் சேரும் விண்ணப்பத்திலேயே அவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், தமக்குச் சலுகையும் போட்டியாளருக்கு இடையூறும் செய்யக் கூடாது என்பதுதான் விதி. அந்தத் துறையில் உள்ளவருக்குத்தான் அந்தத் துறையின் தளங்கள் தெரியும் என்பதால் இதைத் தவிர்க்கவும் முடியாது. மேலும் ஒரு பிரிவு ஒருவருடைய பட்டா நிலம் அல்ல. மேற்பிரிவின் தொகுப்பாளர்கள் கீழ்ப்பிரிவுகள் அனைத்தையும் திருத்தலாம். அடைவு முழுவதையும் திருத்தும் உரிமை பெற்ற மூத்தவர்களும், அவர்களுக்கு மேலே விண்ணப்பங்களையும் புகார்களையும் பார்க்கும் மெட்டா தொகுப்பாளர்களும் இருந்தார்கள். "இந்தப் பிரிவுக்குத் தொகுப்பாளர் இல்லை" என்று பக்கத்தின் அடியில் போட்டிருந்தாலும் அது ஆளில்லாத வீடு என்று பொருளாகாது, மேலேயிருந்து யாராவது இறங்கி வந்து பார்ப்பார்கள். ஆயினும் கண்கள் குறைவாக இருந்த சிறு பிரிவுகளில், குறிப்பாக ஆங்கிலம் அல்லாத மொழிகளில், ஒருவர் செய்யும் தவறு நெடுநாள் கவனிக்கப்படாமல் கிடக்கும் வாய்ப்பு இருந்தது உண்மை.

ஆள் பலம் பற்றி ஒரு தவறான கணக்கும் உலவியது. மூடப்படும் தறுவாயில் முகப்புப் பக்கத்தில் 90 மொழிகளில் 38 லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள், 10 லட்சத்துக்கு மேற்பட்ட பிரிவுகள், 91,000க்கு மேற்பட்ட தொகுப்பாளர்கள் என்று போட்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறக்குறைய 42 தளங்கள். இவ்வளவு பேர் இருந்தும் ஒரு பரிந்துரையைப் பார்க்க ஆண்டுகள் ஆகுமா என்று கேட்டார்கள். 91,000 என்ற அந்த எண் 1998 முதல் எப்போதாவது தொகுப்பாளராக இருந்த எல்லோரையும் சேர்த்தது. நான்கு மாதம் ஒரு திருத்தமும் செய்யாவிட்டால் தொகுப்பாளரின் பயனர் கணக்கு காலாவதியாகிவிடும். ஏதேனும் ஒரு நாளில் உண்மையாக உழைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த எண்ணின் சிறு பகுதிதான். தொகுப்பாளராகச் சேர விண்ணப்பித்தவர்களும் மாதிரிக்கு இரண்டு மூன்று தளங்களை விளம்பர வாசகத்துடன் எழுதி அனுப்பியதாலும், தமக்கிருந்த தளத்தொடர்பை மறைத்ததாலும் பெருமளவில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

சில நேரங்களில் காரணம் வெறும் இயந்திரக் கோளாறு. 2006 அக்டோபரில் வழங்கி (சர்வர்) பழுதடைந்து டிசம்பர் நடுப்பகுதி வரை, ஏறக்குறைய இரண்டு மாதம், எந்தத் தொகுப்பாளராலும் உள்ளே நுழைய முடியவில்லை. வெளியே பழைய நகல் ஒன்று காட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் அடைவு இயல்பாக இயங்குவதாகவே பார்வையாளர்கள் நினைத்தார்கள். நீங்கள் அனுப்பிய ஆறேழு முறைகளில் ஏதாவதொன்று அந்த மாதங்களில் விழுந்திருந்தால் அதற்கு எந்தத் தொகுப்பாளரும் பொறுப்பல்லர்.

இதற்கு நேர்மாறான புகாரும் உண்டு: தளம் சேர்ந்துவிட்டது, ஆனால் கூகுளில் தேடினால் தாங்கள் எழுதிய வாசகத்தை விட்டுவிட்டு டிமாஸின் பழைய விளக்கம் தோன்றுகிறது, அதை மாற்றித் தாருங்கள் என்பது. தேடல் பொறிகள் அந்த வரியைத் தாமாகவே எடுத்துக்கொண்டன. அதைத் தவிர்க்க விரும்பும் தள உரிமையாளர்களுக்காக "நோஓடிபி" என்ற குறிச்சொல்லை 2006இல் மைக்ரோசாஃப்டும் கூகுளும் ஏற்றன. அதுபோலவே டிமாஸிலிருந்து நீக்கப்பட்ட தளம், தரவை ஒருமுறை மட்டும் இறக்கிப் போட்டுவிட்டு மறந்துபோன நகல் தளங்களில் பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் எங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

டிமாஸ் 2017 மார்ச் 17 அன்று மூடப்பட்டது. யாஹூ அடைவு 2014 இறுதியிலேயே போய்விட்டது. டிமாஸின் தொகுப்பாளர்களில் பலர் அதே தரவைக் கொண்டு கர்லியைக் கட்டினார்கள். விதிகளின் சாரமும் அதுவே, கட்டணமின்மையும் அதுவே. ஆள் முன்னைவிடக் குறைவு என்பதால் காத்திருப்பும் குறையாது. தேடல் தரவரிசைக்காக அங்கே போவதில் இப்போது பயன் இல்லை என்பது என் கருத்து. பூட்டுகளைப் பற்றித் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் கண்ணில் படட்டும் என்று நினைத்தால் தளத்தின் மொழிக்கு உரிய பிரிவில் ஒரே ஒரு முறை பரிந்துரையுங்கள், மேலே காட்டியது போன்ற வறண்ட விளக்கத்துடன்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். தளம் சேர்க்கப்பட்டதை உரிமையாளருக்குத் தெரிவிக்கும் மடல் எதையும் டிமாஸ் அனுப்பியதில்லை. யாரோ ஒரு தொகுப்பாளர் ஏதோ ஒரு மாலையில் உங்கள் தளத்தை ஊர்ப் பிரிவில் சேர்த்திருந்தாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆகவே முதலில் கர்லியின் தேடல் பெட்டியில் கடையின் பெயரையும் பழைய இணைய முகவரியையும் இட்டுப் பாருங்கள்.